தபால்காரனும் என் மாமியாரும்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த ஐந்தாம் மாதம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், என் மாமியார் நான் கேட்காமலே டீ கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு ஓசை வராமல் நடந்துபோய், கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனாரிடம், "சத்தத்தக் கொறைங்க, அது ஆபீஸ் வேல செய்யுது" என்றார். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தும் எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த ஆபீஸ் வேலை, ஒரு காய்ந்த மீனைக் கதவின் சாவித் துவாரத்தில் நுழைக்க முடியுமா என்று பார்ப்பது.

முடியவில்லை. லேப்டாப் திரையில் இருந்த தபால்காரன் கையை விரித்து, 'அது வேலைக்கு ஆகாது' என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் டீயைக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். குற்ற உணர்ச்சி இருந்தது, டீயும் நன்றாக இருந்தது.

என் விளையாட்டுப் பித்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் எல்லோரும் துப்பாக்கியையும் காரையும் நினைக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் ஆகாது. யாராவது என்னைத் துரத்தினால் விசைப்பலகையை விட்டுவிட்டு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். எனக்குப் பிடித்தது பழைய சாகச விளையாட்டுகள். சாகசம் என்பது பெயரில்தான். படம் வரைந்தாற்போல ஒரு தெரு வரும். அதில் ஒரு ஆள் நிற்பான். அவனை அங்குமிங்கும் நடக்கவைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டு, எதிரே வருகிறவர்களிடம் திரையில் வரும் வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசி, பூட்டிய கதவு ஒவ்வொன்றையும் திறக்கவேண்டும். அவசரமே கிடையாது. நாம் எழுந்துபோய்த் துணி காயப்போட்டு வந்தாலும் அவன் அதே இடத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பான். அவ்வளவு பொறுமையான ஆணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் பிறந்த வீடு புதுச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை என்ற ஊரில். நான் எட்டாவது படித்தபோது அண்ணன் புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிவந்தான். கூடவே ஒரு பை நிறைய சிடி. கார் பந்தயத்தை எல்லாம் அவன் எடுத்துக்கொண்டான். ஒரு சிடியை மட்டும் பத்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே நடக்கல, நீயே வச்சிக்க" என்று என்னிடம் தள்ளினான். ஒன்றுமே நடக்காத அந்த சிடி எனக்கு இரண்டு வருஷம் ஓடியது. டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு விளையாடுவேன். ஆங்கிலத்தில் நான் முதன்முதலில் தடுமாறாமல் சொல்லக் கற்ற வாக்கியங்கள் மூன்று: 'அது பூட்டியிருக்கிறது', 'அதை எடுக்க முடியாது', 'இவை இரண்டும் ஒன்றோடொன்று சேராது'. பிற்பாடு புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாளே முதலாளி ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு இரண்டு நிறங்களைக் காட்டி, எப்படி இருக்கும் என்று கேட்டார். மூன்றாவது வாக்கியத்தை அப்படியே சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அதை ஆழ்ந்த கருத்து என்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு தினமும் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவது முடியாமல் அந்த வேலையை விட்டேன். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "வீட்லேருந்தே டிசைன் வேல செய்யும்ங்க" என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு பத்திரிகை வேலை வந்தது உண்மை. மற்ற நாட்களில் நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் அது இந்தத் தபால்காரனுக்காகத்தான். மாமியார் அதை ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. முதல் நாள் மறுக்காமல் விட்டதை மூன்றாம் வாரத்தில் எப்படிப் போய் மறுப்பது?

மழைக்காலம் என்பதால் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மாமனாரும் மாமியாரும் குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்திகளில் வேலை செய்கிறவர்கள். மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் ஒரே தண்ணீர், தை பிறக்கும்வரை அங்கே வேலையில்லை. என் கணவர் மட்டும் காலையில் புதுச்சேரிக்குப் போய், அங்கே ஒரு மருந்துக் கடையில் நின்றுவிட்டு இருட்டியதும் வருவார். அவருக்கு விஷயம் தெரியும். "சொல்லிடலாமா?" என்று கேட்டேன். "சொன்னா டீ நின்னுடும்" என்றார்.

அந்த விளையாட்டின் கதை எளிமையானது. பனி விழும் ஒரு மலையூருக்குப் புதிதாக வந்த தபால்காரன். அவன் பையில் ஒரு கடிதம். மழையில் நனைந்து விலாசம் அழிந்துபோனது. யாருக்கு வந்தது என்று கண்டுபிடித்துச் சேர்க்கவேண்டும். கீழ்த்தெருவில் எல்லோரையும் விசாரித்தாகிவிட்டது. கடிதம் மேலூரைச் சேர்ந்தவருக்கு என்று தெரிந்துவிட்டது. மேலூருக்குப் போக ஒரே வாசல். அந்த வாசலில் ஒரு நாய் கட்டியிருந்தது. நாய்க்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். நாய்க்கு ரொட்டி போட்டு, குரைத்தாலும் கடிக்க வராதபடி ஒருவழியாகச் சமாதானம் செய்தேன். அந்த அம்மாளைச் சமாதானம் செய்ய முடியவில்லை. கடிதத்தைக் காட்டினேன். ரொட்டிக்கடைக் காகிதத்தில் ஒரு பொய் அனுமதிச் சீட்டு செய்து காட்டினேன். குடையைக் கொடுத்தேன், சோப்பைக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத்தான் மீனால் திறக்கப் பார்த்தேன். 'இன்றைக்குப் போக முடியாது' என்பாள், திரும்பவும் பின்ன ஆரம்பித்துவிடுவாள்.

இணையத்தில் தேடினால் விடை கிடைத்திருக்கும். அப்படிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரே ஒழுக்கம்.

அந்த வாசலில் மாட்டிக்கொண்ட பதினோராம் நாள். மாமனார் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தியதில் ஹெட்போன் வயர் மாட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தபால்காரன் வாசலுக்கு நெருங்கிப் போக, நாய் 'வள்' என்று வீடு அதிரக் குரைத்தது. திரும்பிப் பார்த்தேன். மாமியார் டீ கிளாஸோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் திடுக்கிடவில்லை. திரையைப் பார்த்து, "இன்னிக்கும் கொலைக்குதா அது?" என்றார்.

ஹெட்போனைக் கழற்றினேன். "அத்த... எத்தினி நாளா பாக்குறீங்க?"

"நாய்க்கு நீ ரொட்டி போட்ட அன்னிலேருந்து."

"அப்ப ஆபீஸ் வேலன்னு மாமாகிட்ட சொன்னீங்களே?"

"வேற என்னான்னு சொல்லச் சொல்ற? படத்துல ஒருத்தன் கடுதாசி வச்சிக்கினு அலையுறான், மருமவ ஒக்காந்து அவனுக்கு வழி தேடுதுன்னா சொல்றது? அந்த மனுசன் ஒடனே டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போவாரு."

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ நிறுத்திட்டீன்னா?" என்றார். டீயை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. அந்தம்மாகிட்ட ஏன் தெனமும் அதே கேள்வியயே கேக்குற?"

"வேற என்ன அத்த கேக்குறது? கேக்குறதுக்கு நாலு வரிதான் குடுத்திருக்காங்க. மூணு கேட்டாச்சு."

"நாலாவது?"

"அது சும்மா. 'கால் எப்படி இருக்கு'ன்னு இருக்குது. அதுக்கும் வாசலுக்கும் சம்பந்தமில்ல."

மாமியார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உப்பில் மண் கலந்திருந்தால் பார்க்கிற பார்வை. "ஏம்மா, அது வந்த நாளா ஒரு கையால முட்டியத் தேச்சிக்கினே இருக்குது. கண்ணு தெரியலையா உனக்கு? குளுர்ல ஒக்காந்திருக்கிற பொம்பள, ஒரு வார்த்த நல்லா இருக்கியான்னு கேக்காம, கதவத் தொற, கதவத் தொறன்னா எவ தொறப்பா?"

திரையை உற்றுப் பார்த்தேன். அந்த அம்மாள் இரண்டு தையல் பின்னுவாள், பிறகு ஊசியை நிறுத்திவிட்டு முழங்காலைத் தேய்ப்பாள். பதினோரு நாளும் அதை நான் ஏதோ அசைவு என்று நினைத்திருந்தேன். நாலாவது வரியை அழுத்தினேன். அவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். குளிர்காலத்தில் வலி அதிகம், யாரும் கேட்டதில்லை என்றாள். ரொம்ப நேரம் பேசினாள். பேசி முடித்து, எழ முடியாமல் எழுந்து, கதவைத் திறந்தாள். வயலின் மாதிரி ஒரு இசை வந்தது.

மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "தொறந்துட்டா! தொறந்துட்டா பாரு!"

சந்தோஷம் அடங்கியபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்று என் மாமியாருக்கும் முட்டி வலி உண்டு. சாயங்காலம் சாயங்காலம் தைலம் போட்டுக்கொள்வார். ஐந்து மாதத்தில் நான் ஒருநாள் கேட்டதில்லை. "உங்க கால் எப்படி அத்த இருக்குது?" என்றேன். மிகவும் சங்கடமாக இருந்தது.

"என்னுது அப்படியேதான் இருக்கும். நீ உள்ள போ, உள்ள என்னா இருக்குதுன்னு பாப்போம்" என்றார்.

அன்றிலிருந்து மூன்று மணி ஆனால் அவர் அரிசி மூட்டைமேல் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வேன். அவர் படத்தைப் பார்த்து ஆளைப் படிப்பார். ரொட்டிக்கடைக்காரன் பொய் சொல்கிறான் என்று அவன் கழுத்துப்பட்டையைத் தொடுவதை வைத்துச் சொன்னார். சரியாக இருந்தது. மேலூர்த் தெருவில் ஒருவன் வண்டியிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளித் தரையில் வீசிக்கொண்டிருந்தான். என்ன அது என்று கேட்டார். "உப்புங்க அத்த. பனி உருகறதுக்காக ரோட்டுல போடுவாங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "உப்பயா? தரையிலயா?" திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். பிறகு, "எந்தப் பாத்தியில வாரினதோ, பாவம்" என்றார்.

நாலைந்து நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா காய் வாங்கப் போகிறவர் எங்கள் வாசலில் நின்று, "அந்தத் தபால்காரன் ஆளக் கண்டுபுடிச்சிட்டானா?" என்று என்னிடம் கேட்டார். அவர் மாதா கோயில் பாடல் குழுவில் இருக்கிறவர், மாமியாரைவிட இளையவர், அவருக்கு நெருங்கிய சிநேகிதி. மாமியார் தினமும் நடந்ததைச் சாயங்காலம் அவரிடம் போய் முழுசாகச் சொல்லிவந்திருக்கிறார்.

"இன்னும் இல்லக்கா."

"ஞாயித்துக்கெழம பூசையில அவனுக்கும் சேத்து ஒரு மெழுகுவத்தி ஏத்துனேன்."

"அக்கா, அவன் பொம்ம படம்."

"தெரியும்மா. எத்தினியோ பேருக்கு ஏத்துறோம், அவனுக்கும் ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் மூன்று மணிக்கு அவரும் வந்து சேர்ந்தார். அரிசி மூட்டையில் இரண்டு பேருக்கு இடமிருந்தது.

இதில் நாங்கள் கணக்கில் எடுக்காத ஆள் மாமனார். அவர் அதிகம் பேசாதவர். மூன்று மணிக்கு மருமகள் அறையில் மூன்று பெண்கள் கூடுவதும், 'கடுதாசி', 'அட்ரஸ்', 'மேலூரு', 'யாருக்கு வந்தது' என்று பேச்சு வருவதும் கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தானாக ஒரு முடிவுக்கு வந்து, அதை டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் மழை விட்டிருந்த நேரம், ஈர லுங்கியோடு ஒரு ஆளை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அந்த ஆள் கையில் ஒரு ரசீது. பொம்மையார்பாளையத்தில் இருக்கும் மகளுக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பியிருக்கிறார், போய்ச் சேரவில்லை.

"ஏம்மா, இவரு நம்ம ஆளு. என்னான்னு கேட்டுச் சொல்லு" என்றார் மாமனார். பிறகு அவரிடம் திரும்பி, "மருமவ தபால் துறையிலதான் இருக்குது" என்றார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமியார் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "அதுக்கு வேற ஏரியாங்க. மலப் பக்கம்" என்றார்.

"ஊட்டியாம்மா?" என்று அந்த ஆள் மரியாதையாகக் கேட்டார்.

"அதுக்கும் மேல."

எதிர்வீட்டு அக்கா எழுந்து அவசரமாகச் சமையலறைக்குப் போனார். அங்கிருந்து தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தமும் அதற்கு அடியில் வேறொரு சத்தமும் கேட்டன. நான் ரசீதை வாங்கி, அதிலிருந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். மகள் வீடு பூட்டியிருந்ததால் தபால் அந்த ஊர்த் தபால் ஆபீசிலேயே காத்திருக்கிறது என்று காட்டியது. யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கக்கூடிய விஷயம்தான். அதைச் சொன்னதும் அந்த ஆள் எழுந்து நின்று கும்பிட்டார். இரண்டே நாளில் தபால் மகள் கைக்குப் போய்விட்டது. அந்த வாரத்தில் இன்னும் நாலு பேர் ரசீதோடு வந்தார்கள். கீழ்புத்துப்பட்டிலிருந்துகூட ஒருவர்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒருநாள் மாமனார் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது துணிந்து போய், "மாமா, நான் தபால் துறையில இல்ல" என்றேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கனிவாக, "தெரியும்மா, காண்ட்ராக்ட்தான? அதுக்கு எதுக்கு மனசு சங்கடப்படுற. போவப் போவ பர்மனண்ட் பண்ணிடுவாங்க" என்றார்.

அன்று இரவு என் கணவரிடம் சொன்னேன். அவர் பாயில் புரண்டு புரண்டு சிரித்தாரே தவிர வழி ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழி நடுவில் விளையாட்டு முடிந்தது. கடிதத்துக்கு உரியவர் மேலூரில் கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒரு கிழவர். எட்டுக் கதவு, இரண்டு பொய், ஒரு திருட்டு ஆகியவற்றைத் தாண்டித் தபால்காரன் அவர் வீட்டுக்குள் போய்க் கடிதத்தைக் கொடுத்தான். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். கிழவர் உறையைப் பிரித்தார். உள்ளே இருந்த தாளில் ஒன்றுமில்லை. வெளியே விலாசத்தை அழித்த மழை உள்ளேயும் போய் எழுத்தை எல்லாம் கரைத்திருந்தது. கிழவர் அந்த வெற்றுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தபால்காரனுக்கு நன்றி சொன்னார். திரை இருண்டு பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ்ளோதானா?" என்றார் மாமியார்.

"அவ்ளோதான் அத்த."

"யாரு எழுதுனது இத?"

"தெரியல. பேரு ஓடுதே, இவங்கதான்."

"அவங்களுக்கு ஒரு கடுதாசி எழுது. ரெண்டு மாசம் அந்தப் புள்ள குளுர்ல நின்னு, நாய்க்குப் பயந்து, திருட்டுப் பட்டம் வாங்கிக் கொண்டாந்து குடுத்தா, வெறும் தாளா?"

"என் மெழுகுவத்தி போச்சே" என்றார் எதிர்வீட்டு அக்கா.

எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. ஆனால் அதை அந்த அறையில் சொல்லும் தைரியம் வரவில்லை. கடிதத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். வெளியூர் போன மகன் எழுதியிருப்பான் என்றார் அக்கா, கல்யாணச் சேதியாக இருக்கும், பெண்ணின் போட்டோகூட இருந்திருக்கலாம். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. நான் நல்லா இருக்கேன், நீ எப்படி இருக்கன்னு இருக்கும். வேற என்னா எழுதுவாங்க கடுதாசியில?" என்றார். அக்கா விடவில்லை. அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் கூடத்திலிருந்து மாமனார், "ஆபீஸ் நேரத்துல அதுகிட்ட வம்பளக்காதீங்க" என்று அதட்டவே கூட்டம் கலைந்தது.

தை பிறந்து வெயில் ஏறியதும் இரண்டு பேரும் பாத்திக்குத் திரும்பினார்கள். தண்ணீரை வடித்து, சேற்றை மிதித்து, வரப்பு கட்டுகிற வேலை. வீடு காலியாகிவிட்டது. டீ நானே போட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. இன்னொரு பழைய விளையாட்டை இறக்கிவைத்திருந்தேன். ஒரு முற்பகலில் தனியாக அதைத் திறந்து உட்கார்ந்தேன். பெட்டியோடு ஒரு ஆள் வந்து இறங்கும் சின்ன ரயில் நிலையம், அதில் ஆளில்லாத டிக்கெட் அறை, பூட்டிய கதவு. என்றைக்கும் இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை. எதைக் கண்டாலும் திரும்பிப் பார்த்து யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. அரிசி மூட்டையும் பாதியாகக் குறைந்திருந்தது.

அப்போது கைபேசி அடித்தது. மாமியார். பாத்தியில் காற்று இரைகிற சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"சாப்ட்டியா?"

"இல்ல அத்த, இனிமேதான்."

"புதுசு ஒண்ணு வச்சிருக்கன்னு சொன்னியே, அத ஆரம்பிச்சிட்டியா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "இப்பதான். சும்மா பாத்துக்கினு இருக்கேன்."

"என்னா எடம்?"

"ரயில் ஸ்டேஷன்."

"நாய் இருக்குதா?"

"இல்ல. பெஞ்ச்சுல ஒரு பூன படுத்திருக்குது."

"பூனன்னா பரவால்ல. ஆளுங்க யாரு?"

"நம்ம ஆளத் தவிர யாருமே இல்ல அத்த. ஒரு கதவு மட்டும் பூட்டியிருக்குது."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் "என்னா கதவு?" என்று கேட்டாள். "நீ சும்மா இரு, அப்பறம் சொல்றேன்" என்று மாமியார் அவளை அடக்கினார். பிறகு என்னிடம், "தோ பாரு, நாலு மணிக்கு வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் கதவத் தொறக்காத. சுத்தி முத்தி வேணா பாத்து வையி" என்றார்.

சரி என்றேன். தபால்காரனுக்குப் பிறகு வந்த இந்த ஆளைப் பூனைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உலை வைக்கப் போனேன்.